தகரவேலிக்கு முன்னால் ஏற வேண்டிய கவுண்டர்கள்: ஒரு மதிப்பீடு

எஸ்டேட் டவுனில் பொது இடம் பறிபோவது சத்தமில்லாமல் நடக்கும். ஒரு திங்கட்கிழமை காலை பாடாங் (ஊர்த் திடல்) ஓரத்தில் தகரவேலி நிற்கும். அதற்கப்புறம்தான் வாட்சாப் குழு, பேனர், கையெழுத்து வேட்டை, சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் பத்து நிமிடச் சந்திப்பு, பத்திரிகையில் ஒரு படம். இந்த வரிசைக்கு ஐந்தில் அரை நட்சத்திரம் கொடுக்கலாம். அந்த அரையும் ஊர் ஒன்றுகூடியதற்காக.

பயன்படக்கூடிய சேவைகள் அரசாங்கக் கவுண்டர்களில் இருக்கின்றன. நில அலுவலகத்துச் சாரியான் (பட்டாத் தேடல்), திட்டமிடல் துறையான பிளான்மலேசியாவின் ஐபிளான் இணைய வரைபடம், உள்ளூர்த் திட்ட வரைவின் பொதுக் காட்சி, அதற்கான ஆட்சேபப் பாரம், அண்டை நிலத்தாருக்கு வரும் நோட்டீஸ், எல்லாம் கைவிட்டால் நீதிமன்றம். நாசி லெமாக் கடையை எடைபோடுவது மாதிரியே இவற்றையும் எடைபோடலாம்: என்ன கிடைக்கிறது, எவ்வளவு நேரம் பிடிக்கிறது, எது ஊசிப்போயிருக்கிறது. இங்கே சொல்வது தீபகற்ப மலேசியாவுக்குப் பொதுவானது. எந்த ஒரு மாவட்டத்து அலுவலகத்தையும் மனத்தில் வைத்து எழுதியது அல்ல.

மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட ஊர் எல்லாருக்கும் தெரிந்த ஊர்தான். பெஸ்தாரி ஜெயா, பீடோர், சுங்கை சிப்புட் பக்கமெல்லாம் இப்படித்தான் இருக்கும். சுற்றிலும் செம்பனை, நடுவில் ஒரே நேர்ச் சாலை, இருபக்கமும் கடைவீடுகள், பின்னால் பாடாங், பக்கத்தில் கிளினிக் டேசா (கிராம மருத்துவ நிலையம்), தமிழ்ப்பள்ளி, அம்மன் கோவில், சற்றுத் தள்ளி இடுகாடு. பார்க்க ஒரே ஊர். நிலக் கணக்கில் இந்த ஐந்தும் ஐந்து விதமான மண்ணில் நிற்கலாம். எந்த மண் என்று தெரியாமல் எந்தக் கவுண்டருக்குப் போனாலும் "இது எங்க வேலை இல்லை" என்ற பதிலோடு திரும்ப வேண்டியதுதான்.

முதலில் நில அலுவலகம். செலவுக்கு ஏற்ற பலன் என்று பார்த்தால் இதுதான் முதலிடம். நான்கரை நட்சத்திரம்.

கேட்க வேண்டியது "சாரியான் பெர்செண்டிரியான்", அதாவது தனியார் தேடல். யார் வேண்டுமானாலும் யாருடைய நிலத்துக்கும் எடுக்கலாம். நிலச் சொந்தக்காரரின் அனுமதி வேண்டியதில்லை. தேசிய நிலச் சட்டத்தின் 384ஆம் பிரிவு இதைத் தருகிறது. 385ஆம் பிரிவின்படி எடுப்பது "சாரியான் ரஸ்மி", அதிகாரபூர்வத் தேடல். அது சான்றிதழாக வரும், நீதிமன்றத்துக்கும் எடுத்துப் போகலாம். நிலைமை என்னவென்று தெரிந்துகொள்ளத் தனியார் தேடலே போதும். கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: மாவட்டம், முக்கிம் (மாவட்டத்தின் உட்பிரிவு), லாட் எண் (நிலத்துண்டின் எண்), பட்டாவின் வகையும் எண்ணும். லாட் எண் தெரியவில்லை என்றால் நில வரி பில்லைப் பாருங்கள், அல்லது ஐபிளானில் தேடுங்கள். "கோவிலுக்குப் பக்கத்து நிலம்" என்று சொன்னால் கவுண்டரில் ஒன்றும் நடக்காது.

இங்கே பலருக்கும் ஒரு நாள் வீணாகும். டவுனுக்கு வெளியே நான்கு ஹெக்டருக்குள் இருக்கும் நிலத்தின் பட்டாதான் மாவட்ட நில அலுவலகத்தின் பதிவேட்டில் இருக்கும். ஜி.எம்., பி.எம்., எச்.எஸ்.எம். என்று தொடங்குபவை அவை. அதைவிடப் பெரிய நிலமும் டவுன் நிலமும் மாநிலப் பதிவேட்டுக்கு உரியவை. கெரான், பி.என்., எச்.எஸ்.டி. என்று தொடங்கும் இவற்றை மாநிலத் தலைநகரிலுள்ள நில, கனிம அலுவலகம் வைத்திருக்கும். தோட்டம் என்றால் எப்படியும் நூற்றுக்கணக்கான ஹெக்டர். ஆகவே தோட்டத்துப் பட்டாவுக்கு மாவட்ட அலுவலகத்தில் காலை எட்டு மணிக்கே நம்பர் எடுத்து உட்கார்ந்தாலும், மாநில அலுவலகத்துக்குப் போகச் சொல்லலாம். எந்தக் கவுண்டரில் எது கிடைக்கும் என்று முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

தேடல் தாள் கைக்கு வந்ததும் பெரும்பாலோர் சொந்தக்காரர் பெயரை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். விஷயம் அதற்குக் கீழேதான் இருக்கிறது. "கத்தெகோரி பெங்குனாஆன் தானா" என்ற வரியில் பெர்தானியான், அதாவது விவசாயம் என்று இருந்தால், அந்த நிலத்தில் வீடமைப்புத் திட்டம் எழுப்பும் முன் மாநில அரசாங்கம் வகையை மாற்றித் தர வேண்டும். பாங்குனான், அதாவது கட்டடம் என்று மாறியிருந்தால் ஒரு கதவு ஏற்கெனவே திறந்தாயிற்று. அடுத்தது "சியாராட் ஞாத்தா", வெளிப்படை நிபந்தனை. பழைய தோட்டப் பட்டாக்களில் ரப்பர், செம்பனை என்று பயிரின் பெயரே இருக்கும். அதற்கடுத்து "செக்காத்தான் கெபெந்திங்கான்": மாநில அரசின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது என்ற வகைத் தடைகள் இங்கே வரும். கடைசிப் பக்கத்தில் கடன் அடமானமும் கேவியட்டும் (கைமாற்றலைத் தடுக்கும் குறிப்பும்) பதிவான தேதியோடு இருக்கும்.

தாளில் கவனிக்க வேண்டிய இன்னொரு அறிகுறி உண்டு. போன வருடம் வரை ஒரே கெரான் எண்ணில் இருந்த தோட்டம், இந்த வருடம் ஐந்தாறு எச்.எஸ்.டி. எண்களாக உடைந்திருந்தால், நிலத்தைப் பிரித்து, அளவை முடியும் முன்பே தற்காலிகப் பட்டா கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். தகரவேலி வர இன்னும் காலம் இருக்கலாம், ஆனால் வரப்போகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே லாட்டுக்குத் தேடல் எடுத்து ஒரு ஃபைலில் போட்டு வைக்கும் குடியிருப்பாளர் சங்கம், போராடும் சங்கங்களில் பாதியைவிட முன்னால் இருக்கிறது.

அரை நட்சத்திரத்தைக் குறைத்ததற்குக் காரணம், பட்டாவே இல்லாத நிலம். அரசாங்க நிலத்துக்குப் பட்டா இருக்காது, ஆகவே தேடலும் வராது. அப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "இந்த இடம் ரிசாப்பாக அரசிதழில் ஏறியிருக்கிறதா? ஏறியிருந்தால் அரசிதழ் எண் என்ன?" அதே நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி பொதுப் பயனுக்கு ஒதுக்கி அரசிதழில் அறிவித்த நிலத்தைச் சும்மா எடுத்துவிட முடியாது. ஒதுக்கீட்டை ரத்து செய்ய வேண்டுமானால், 64ஆம் பிரிவின்படி விசாரணை நடக்கும் நேரத்தையும் இடத்தையும் அரசிதழில் அறிவிக்க வேண்டும். ரிசாப் எண் கையில் இருக்கும் பாடாங் கெட்டியான பாடாங்.

எண் இல்லை என்ற பதில் வந்தால்தான் கவலைப்பட வேண்டும். வீடமைப்புத் திட்டம் கட்டும்போது திறந்தவெளிக்காக மேம்பாட்டாளர் நிலத்தை மாநில அரசிடம் திருப்பி ஒப்படைத்திருப்பார். அதன்பின் யாரும் அதை ரிசாப்பாக அறிவிக்காமல் விட்டிருப்பார்கள். வரைபடத்தில் பாடாங், சட்டத்தில் வெறும் அரசாங்க நிலம். அந்த இடைவெளியில்தான் வேறொருவருக்குப் பட்டா போகிறது. ரிசாப்பாக அறிவிக்கச் சொல்லி மாவட்ட நில அதிகாரிக்கும் ஊராட்சி மன்றத் தலைவருக்கும் எழுதும் ஒரு பக்கக் கடிதம், தகராறு எதுவும் இல்லாத காலத்தில் எழுதப்படுவதால், பெரும்பாலும் பகையில்லாமல் படிக்கப்படும்.

மூன்றாவது வகை நிலம்தான் தோட்டத்துக்கே உரியது. பாடாங்கும் கோவிலும் லயமும் (தொழிலாளர் வரிசை வீடுகளும்) கம்பெனியின் ஒரே பெரிய பட்டாவுக்குள் அடங்கிக் கிடக்கும். தனி லாட் கிடையாது. "எங்க தாத்தா காலத்திலிருந்து பந்து விளையாடுற இடம்" என்பது ஊர் நியாயம். நிலச் சட்டம் அதை ஏற்காது. எத்தனை ஆண்டு அனுபவித்தாலும் அரசாங்க நிலத்தில் உரிமை பிறக்காது என்கிறது 48ஆம் பிரிவு. தனியார் நிலத்துக்கும் அதே கதைதான் என்கிறது 341. ஆகவே ஆட்சேபக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே அறுபது வருட வரலாற்றைக் கொட்டாதீர்கள். அது இரண்டாம் பக்கத்துக்கு உரியது.

ஐபிளான் இலவசம், போனிலும் திறக்கும். ஊரின் மேல் பெரிதாக்கி ஒரு லாட்டைத் தொட்டால், அந்த நிலத்துக்கு எந்த மண்டலம் வகுத்திருக்கிறார்கள் என்று காட்டும். பாடாங் என்றால் தானா லாப்பாங், அதாவது திறந்தவெளி என்றும், கோவில், பள்ளி, இடுகாடு என்றால் பொது வசதி அல்லது சமயம் சார்ந்த வகை என்று வர வேண்டும். பெருமாபாங்கான், அதாவது குடியிருப்பு என்று வந்தால் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு வையுங்கள். நிறத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள், சொல்லைப் படியுங்கள். இன்றைய பயன்பாடு ஒரு அடுக்கு, எதிர்கால மண்டலம் இன்னொரு அடுக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டு "நம்ம பாடாங் பச்சையாத்தான் இருக்கு" என்று நிம்மதியாக இருப்பது அடிக்கடி நடக்கும் தவறு. ஐபிளான் மேற்கோளுக்கு உதவும், சான்றாக நிற்காது. அரசிதழில் ஏறிய திட்டப் புத்தகம்தான் சான்று. மூன்றரை நட்சத்திரம்.

எல்லாவற்றிலும் முக்கியமான, எல்லாரும் தவறவிடும் சேவை உள்ளூர்த் திட்ட வரைவின் காட்சி. பெரும்பாலான இடங்களுக்கு ரன்சாங்கான் தெம்பாத்தான் என்ற உள்ளூர்த் திட்டம் உண்டு. அதன் வரைவு தயாரானதும், 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபம் சொல்லக் குறைந்தது நான்கு வாரம் கொடுக்க வேண்டும். பத்திரிகை அறிவிப்பு தேசிய மொழி நாளிதழில் வரும். தமிழ்ப் பத்திரிகை மட்டும் வாங்கும் வீட்டுக்கு அது எட்டாது. இந்தச் சேவையின் பெரிய ஓட்டை இதுதான். மன்றத்தின் திட்டமிடல் பிரிவுக்கு வருடத்துக்கு இரண்டு தடவை போன் போட்டு "அடுத்த வரைவு எப்போது காட்சிக்கு வரும்?" என்று கேட்பதைத் தவிர வேறு மருந்து இல்லை.

நான்கு வாரம் இவ்வளவு முக்கியமாவது ஏன்? திட்டம் அரசிதழில் ஏறிய பிறகு அண்டை நிலத்தார் நோட்டீஸ் என்ற கதவு கிட்டத்தட்ட மூடிவிடும். சட்டத்தின் 21(6) பிரிவு, உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் மட்டும்தான் பக்கத்து நிலத்தாருக்கு நோட்டீஸ் அனுப்பச் சொல்கிறது. திட்டம் இருந்தால் மண்டலத்துக்கு ஒத்துவரும் விண்ணப்பத்துக்கு உங்களிடம் கேட்க வேண்டிய கட்டாயம் அந்தப் பிரிவில் இல்லை. வரைவில் குடியிருப்பு என்று போட்டதை அன்று யாரும் மறுக்கவில்லை என்றால், பத்து வருடம் கழித்துத் தகரவேலி அடிப்பவர் திட்டப்படிதான் அடிக்கிறார்.

காட்சி அறைக்குள் சுவரில் தொங்கும் அழகான போஸ்டர்களை விட்டுவிடுங்கள். மேசையில் இருக்கும் தடித்த புத்தகத்தைத் திறந்து உங்கள் ஊர் விழும் திட்டமிடல் தொகுதியைக் கண்டுபிடியுங்கள். அந்த வரைபடத்தில் பாடாங், கோவில், தமிழ்ப்பள்ளி, இடுகாடு, பாலர் பள்ளி, மண்டபம் என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துத் தேடுங்கள். தோட்டத்து இடங்கள் காணாமல் போயிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. தனி லாட் இல்லாத இடம், வரைபடம் போடுபவருக்குச் செம்பனைத் தோட்டத்தின் ஒரு பகுதியாகத்தான் தெரியும். நாற்பது கல்லறை இருக்கும் இடுகாடு வரைவில் வெறும் விவசாய நிலமாக இருப்பதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லை. அந்த மண்ணைத் தெரிந்தவர் வந்து சொல்லாததே போதும்.

ஆட்சேபப் பாரத்தைப் பந்தாஹான் பாரம் என்பார்கள். நிரப்பும்போது முக்கிம், லாட் எண், வரைவுப் புத்தகத்தின் பக்க எண், வரைபட எண், இப்போதைய பயன்பாடு, வரைவு சொல்லும் மண்டலம், நீங்கள் கேட்கும் மண்டலம், காரணம் ஆகியவை இருக்க வேண்டும். "எங்கள் பாடாங்கை எடுக்காதீர்கள்" என்று மட்டும் எழுதிய பாரம் பதிவாகும், ஆனால் திட்டக்காரருக்கு மாற்ற வேண்டிய வரி எது என்று தெரியாது. "பக்கம் இத்தனை, லாட் இத்தனை, பெருமாபாங்கான் என்பதைத் தானா லாப்பாங் என்று மாற்றுக" என்று எழுதினால் வேலை சுலபம்.

நேரில் பேச விரும்புகிறேன் என்ற கட்டத்தில் தவறாமல் குறி போடுங்கள். கேட்பவர்களைத்தான் விசாரணைக் குழு அழைக்கும். ஒரே கடிதத்தில் முந்நூறு கையெழுத்து வாங்கிக் கொடுப்பதைவிட முப்பது குடும்பம் முப்பது தனிப் பாரம் போடுவது நல்லது. ஒவ்வொருவரும் பெயர், மைகாட் (அடையாள அட்டை) எண், முகவரியோடு தனி ஆட்சேபக்காரராக நிற்பார்கள். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் "டித்தெரிமா", அதாவது பெற்றுக்கொண்டோம் என்ற சாப்பும் (முத்திரையும்) தேதியும் வாங்கிக்கொள்ளாமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். இந்தச் சாப்பு இல்லாத பாரம் பிறகு கொடுக்கவே இல்லாத பாரமாகிவிடும்.

விசாரணை மேசையில் கிடைப்பது சில நிமிடம். ஏ3 அளவில் ஒரு வரைபடம், தேதி போட்ட நான்கைந்து படம், தேடல் தாள், மலாயில் எழுதிய ஒரு பக்கக் குறிப்பு போதும். ஒரே ஆள் பேச வேண்டும். இரண்டு பேர் பேசினால் இரண்டு விதமாகப் பேசுவோம், அது நம்ம ஊர்ப் பழக்கம். நான்கு நட்சத்திரம், தமிழ்ப் பத்திரிகையிலும் அறிவிப்பு வந்தால் ஐந்து.

அண்டை நிலத்தார் நோட்டீஸ் ஒட்டுமொத்தத்தில் ஏமாற்றம். திட்டம் இல்லாத இடத்தில் அது வந்தாலும், கொடுக்கப்பட்ட நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபம் போக வேண்டும். அண்டை நிலம் என்பதற்கும் சட்டத்தில் அளவு இருக்கிறது: ஒட்டிய நிலம், 20 மீட்டருக்கு மேற்படாத சாலை, வடிகால் போன்றவை மட்டும் இடையில் கிடக்கும் நிலம், ஒரே முட்டுச்சாலையைப் பகிர்ந்துகொண்டால் 200 மீட்டருக்குள் இருக்கும் நிலம். நோட்டீஸ் போவது பதிவான நிலச் சொந்தக்காரருக்கு. லயத்தில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் குடும்பம் சொந்தக்காரர் அல்ல, கம்பெனிதான் சொந்தக்காரர். தன் நிலத்தை விற்கும் கம்பெனிக்கே நோட்டீஸ் போகும் வேடிக்கையும் நடக்கலாம். டவுனில் சொந்த வீட்டுப் பட்டா வைத்திருப்பவர்களை முன்னால் நிறுத்துவதுதான் நடைமுறை வழி. ஆட்சேபம் நிராகரிக்கப்பட்டால் ஒரு மாதத்துக்குள் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். ஒன்றரை நட்சத்திரம்.

மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது, குழுக் கூட்டங்களுக்கு அது பொருந்தாது. மேம்பாட்டு விண்ணப்பங்கள் பேசப்படுவது ஓ.எஸ்.சி. (ஒன் ஸ்டாப் சென்டர்) குழுவில். ஆகவே முழுக் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தால் பெரும்பாலும் முடிந்துபோன விஷயத்தின் அறிக்கையைத்தான் கேட்பீர்கள். சிலாங்கூரிலும் பினாங்கிலும் தகவல் உரிமைச் சட்டம் உண்டு, அந்த வழியில் ஆவணம் கேட்டுப் பார்க்கலாம்.

மரத்தைப் பற்றி ஒரு சின்ன விஷயம். பாடாங் ஓரத்துத் தூங்குமூஞ்சி மரத்தின் சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டினால், மன்றத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்று அதே திட்டமிடல் சட்டம் சொல்கிறது. தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். தையல்காரர் டேப் போதும். டேப்போடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். பாடாங்கைக் காப்பாற்றாவிட்டாலும், எந்த அனுமதி இருக்கிறது, எது இல்லை என்று கேட்க ஒரு நியாயமான காரணம் கிடைக்கும்.

நீதிமன்றம் பணம் தின்னும், நேரம் தின்னும், ஆனால் தீர்ப்பு நிற்கும். முடிவு வந்த நாளிலிருந்தோ தெரியப்படுத்தப்பட்ட நாளிலிருந்தோ மூன்று மாதத்துக்குள் நீதித்துறை மறுஆய்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆறு மாதம் பேச்சுவார்த்தை நடத்திவிட்டு வக்கீலைப் பார்ப்பவர்களுக்கு அவர் சொல்லக்கூடியது அதிகம் இல்லை. கோலாலம்பூர் தாமான் ரிம்பா கியாரா பூங்கா வழக்கில் 2017இல் கொடுத்த மேம்பாட்டு ஆணை செல்லாது என்ற மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பைக் கூட்டரசு நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உறுதிசெய்தது. அமைப்புத் திட்டத்தில் பூங்கா என்று குறித்த இடத்தை மாற்றுவதற்குக் காரணம் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். கோலாலம்பூருக்குச் சட்டம் வேறு, 1982ஆம் ஆண்டுச் சட்டம். ஆனாலும் வரைபடத்தில் பூங்கா என்ற சொல் முன்பே இருந்ததால்தான் வாதாட இடம் கிடைத்தது.

அந்த வழக்கில் எஸ்டேட் ஆட்கள் கவனிக்க வேண்டிய வேறொன்று உண்டு. அங்கே கட்டவிருந்த அதே மேம்பாட்டுத் திட்டத்தில்தான் புக்கிட் கியாரா பழைய ரப்பர் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கான அடுக்குமாடி வீடும் இருந்தது. 1980களிலிருந்து நீண்ட வீடுகளில் காத்திருந்தவர்கள் அவர்கள். பூங்காவைக் காப்பதும் தொழிலாளிக்கு வீடு கிடைப்பதும் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றுவிட்டன. தோட்டத்துப் பாடாங்குக்காக எழுதும் எந்தக் கடிதத்திலும் லயத்துக் குடும்பங்களின் வீடு எங்கே வர வேண்டும் என்பதையும் லாட் எண்ணோடு எழுதிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் நம்ம ஆட்களையே நமக்கு எதிரே உட்கார வைப்பார்கள்.

கிளினிக் டேசா, தபால் நிலையம், பஸ் போன்றவற்றுக்கு இந்தக் கவுண்டர்கள் உதவாது. சேவையைக் குறைக்கும்போது காட்டப்படும் காரணம் எப்போதும் "ஆள் வருவதில்லை". அதற்குப் பதில் கணக்கு நோட்டு. பஸ் நிறுத்தத்தில் தேதி, நேரம், வழித்தட எண், வந்த நேரம், வராத நேரம், காத்திருந்தவர் எண்ணிக்கை என்று ஆறு கட்டம் போட்டு, ஒட்டுக்கடை மேசையில் ஒரு பேனாவைக் கயிற்றில் கட்டி வைத்தால் மூன்று மாதத்தில் தரைவழிப் பொதுப் போக்குவரத்து முகவாண்மையான ஆபாட்டுக்கு அனுப்பத் தகுந்த ஆவணம் தயார். பேனாவைக் கட்டி வைக்க மறந்தால் இரண்டாம் நாளே நோட்டு வெறுமையாகிவிடும்.